கொஞ்ச தூரம் சீமோன் தூக்கட்டும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 46 வயசு. என் அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. வலது பக்கம் முழுசா விழுந்துருச்சு, பேச்சும் இல்ல. வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை, பையன் காலேஜ் போறான், நாத்தனார் பக்கத்து ஊர்தான், ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போயிருவாங்க. எல்லாம் நான்தான். சின்ன வயசுலேர்ந்து ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் 40 நாளும் ஒருசந்தி நோன்பு இருந்து பழகுனவ நான். இந்த வருஷம் பத்தாவது நாள் அத்தையைத் தூக்கும்போது தலை சுத்தி கட்டில் விளிம்புல விழுந்துட்டேன், அதோட ஒருசந்தியை விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கோயில் மைக்ல சிலுவைப் பாதை கேக்கும்போது அடுப்படியில நின்னு அழுவேன். போன வாரம் அப்பதான் பெட்ஷீட் மாத்திப் போட்டேன், உடனே திரும்ப நனைச்சுட்டாங்க, ஆத்திரத்துல கத்தி கையை ஓங்கிட்டேன் அக்கா. அடிக்கல. ஆனா அவங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. இந்த தவக்காலம் எனக்கு வீணாப் போச்சா? ஈஸ்டருக்கு நன்மை (நற்கருணை) வாங்குற தகுதி எனக்கு இருக்கா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டு தடவையும் அந்தக் கண்ணை மூடிக்கிட்ட இடத்துலயே நின்னுட்டேன். அதுக்குக் கட்டாயம் வர்றேன். முதல்ல ஒருசந்தி விஷயத்தை முடிச்சுடலாம், ஏன்னா அதுல உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பாரம் இருக்கு.

நம்ம பாட்டிமாருங்க 40 நாளும் ஒருசந்தி, கறி தொடாம சுத்தபோசனம்னு இருந்தாங்க, அதைப் பாத்து வளந்தவங்க நாம, அந்தப் பக்தியை நான் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா இன்னிக்கு திருச்சபை கட்டாயம்னு சொல்ற ஒருசந்தி வருஷத்துக்கு ரெண்டே நாள்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயசு முடிஞ்சவங்களுக்கு, 59 வயசு வரைக்கும், ஒரு வேளை முழுச் சாப்பாடு மத்த ரெண்டு வேளை லேசா, அவ்வளவுதான். உடம்புக்கு முடியாதவங்களுக்கு அந்த ரெண்டு நாள்லயும் விலக்கு உண்டு. நீங்க தலை சுத்தி விழுந்த நாள் உங்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லாத நாள் தங்கச்சி, நீங்களா ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டது, அதை விட்டதுல ஒரு குத்தமும் இல்ல. இன்னொண்ணு, நன்மை வாங்குறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியிருந்து எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு ஒரு விதி இருக்குல்ல, திருச்சபைச் சட்டத்துல 919-ஆம் எண், அதுலயே வயசானவங்களுக்கும் நோயாளிங்களுக்கும் விலக்கு குடுத்துட்டு கூடவே அவங்களைப் பராமரிக்கிறவங்களுக்கும் விலக்குன்னு எழுதியிருக்கு. முதல் தடவை அதைப் படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ராத்திரி முழுக்க முழிச்சு, காலையில எப்பவோ ஒரு வாய் காபி குடிச்சுட்டு கோயிலுக்கு ஓடி வர்ற பொம்பளையை அந்தச் சட்டத்தை எழுதுனவங்க யோசிச்சுப் பாத்திருக்காங்களே!

அதனால சாப்பிடுங்க. பெரிய வெள்ளி அன்னிக்கு உங்க கோயில்ல கஞ்சி ஊத்துனா பையனை தூக்குவாளியோட அனுப்பி வாங்கி அத்தையும் நீங்களும் சேர்ந்து குடிங்க, போதும்.

இப்ப கையை ஓங்குன விஷயம்.

"பரவால்ல, எல்லாருக்கும் வர்ற கோவம்தான்"னு நான் சொல்லிட்டுப் போயிட்டா உங்களுக்கு அந்த நிமிஷம் ஆறுதலா இருக்கும், ராத்திரி படுக்கும்போது திரும்ப அந்த முகம் வரும். அது தப்புதான். வாய் பேச முடியாத, ஓட முடியாத ஒரு ஜீவன் உங்க கையைப் பாத்து பயந்துருச்சு, இது உங்களுக்கே தெரியும், அதனாலதான் எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு பேச்சுதான் வராது, பல பேருக்கு நாம சொல்றது புரியும். அதனால கட்டில் பக்கத்துல உக்காந்து அவங்க இடது கையைப் பிடிச்சுக்கிட்டு, "அத்தை, அன்னிக்கு தெரியாம கையை ஓங்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க"ன்னு சத்தமா வாய் விட்டுச் சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னா அவங்களுக்குக் கேக்காது. அப்புறம் ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. கோயிலுக்குப் போக முடியலன்னா ஃபாதருக்கு ஒரு போன் போட்டு வீட்டுல படுக்கையில ஒருத்தர் இருக்காங்கன்னு சொல்லுங்க, தவக்காலத்துல நோயாளிங்களைப் பாத்து நன்மை குடுக்க ஃபாதருங்க வீட்டுக்கு வருவாங்க, அத்தைக்கு நோயில்பூசுதலும் (நோயாளிங்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறது) கேளுங்க, அவர் வந்திருக்கும்போதே உங்க பாவசங்கீர்த்தனத்தையும் முன் ரூம்ல உக்காந்து முடிச்சுக்கலாம். அதுக்கப்புறம் நன்மை வாங்க தகுதி இருக்கான்னு யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க, வாங்குங்க. ஈஸ்டர் அன்னிக்கே முடியலன்னாலும் தப்பில்ல, ஈஸ்டர் ஒரு நாளோட முடியுற திருநாள் கிடையாது, தூய ஆவி திருநாள் வரைக்கும் 50 நாள் பாஸ்கா காலம். நோன்பு 40 நாள், சந்தோஷம் 50 நாள், நம்ம திருச்சபை கணக்கே அப்படித்தான்.

ஆனா இதை மட்டும் சொல்லி லெட்டரை முடிச்சா நான் உங்களுக்கு துரோகம் பண்ணுனவளாயிடுவேன். ஏன்னா மன்னிப்பு கேட்டுட்டு, பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டு, அடுத்த வாரமும் நீங்க ஒருத்தியே அதே தூக்கமில்லாத உடம்போட நின்னா கை திரும்ப ஓங்கும், ஒரு நாள் விழுந்தும் விடும். உங்க லெட்டர்ல "எல்லாம் நான்தான்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, எனக்கு பயமா இருக்குறது அந்த வரியைப் பாத்துதான்.

நானும் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தவ. எங்கம்மா கடைசி பதினாலு மாசம் படுக்கையில இருந்தாங்க. பக்கத்து வீட்டுல ஒரு பாய் குடும்பம், அந்த அக்கா தினம் வாசல்ல வந்து நின்னு "நான் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன், நீ போய் தலைக்கு குளி"ம்பாங்க, நான் ஒவ்வொரு தடவையும் "வேணாங்கா, நானே பாத்துக்குவேன்"னு சொல்லி அனுப்பிருவேன். எங்கம்மா கோலத்தை வெளியாள் பாக்கக்கூடாதுன்னு ஒரு வெக்கம், என்னைவிட நல்லா யாரு பாத்துக்கப் போறாங்கன்னு ஒரு பெருமையும் உள்ளுக்குள்ள இருந்துச்சு, அதை அன்பு அன்புன்னு சொல்லி நானே என்னை ஏமாத்திக்கிட்டேன். ஒரு பெரிய வியாழன் சாயங்காலம் அந்த அக்கா என் பேச்சைக் கேக்காம உள்ள வந்து சீப்பை எடுத்து எங்கம்மாவுக்கு தலை வாரி விட ஆரம்பிச்சுட்டாங்க. சிக்கு விழுந்த முடி, நுனியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா, வலிக்காம, விரல்ல தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு பிரிச்சாங்க. எங்கம்மா கண்ணை மூடி அப்படியே தலையைக் குடுத்துட்டாங்க. நான் பூசைக்குக் கிளம்பிட்டேன்.

அன்னிக்கு கோயில்ல பாதம் கழுவுற சடங்கு. பன்னெண்டு பேர்ல கடைசியா ஒரு பெரியவர், மூட்டை தூக்குறவர், ஃபாதர் முட்டி போட்டு அவர் காலைப் பிடிச்சதும் அவர் காலை இழுத்துக்கிட்டாரு. ஃபாதர் திரும்பப் பிடிச்சாரு, திரும்ப இழுத்துக்கிட்டாரு. குதிகால் எல்லாம் வெடிப்பு, அதுல கருப்பு ஏறியிருந்துச்சு, அதுதான் வெக்கம். ஃபாதர் ஒண்ணும் சொல்லாம கையை அப்படியே வச்சுக்கிட்டு காத்திருந்தாரு, கொஞ்ச நேரம் கழிச்சு பெரியவர் காலை நீட்டினாரு. நான் பெஞ்சுல உக்காந்து விக்கி விக்கி அழுதேன், ஏன்னா காலை இழுத்துக்கிட்டது நான்தான்னு எனக்குப் பட்டுச்சு. ஆண்டவர் சீடருங்க காலைக் கழுவுனப்ப பேதுருவும் அதைத்தானே பண்ணுனாரு. என் காலை நீர் ஒருக்காலும் கழுவக்கூடாதுன்னு பிடிவாதம் பிடிச்சாரு, ஆண்டவர் என்ன சொன்னாரு, நான் கழுவலன்னா உனக்கு என்கிட்ட பங்கு இல்லன்னுட்டாரு. கழுவி விட ரெடியா இருக்குறவங்களுக்கு கழுவிக்கக் குடுக்குறது எவ்வளவு கஷ்டம்னு நாம யாரும் பேசுறதே இல்ல. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு "நீ பண்றதுதான் தியாகம், நீதான் தெய்வம்"னு சொல்லிச் சொல்லியே மத்தவங்க எல்லாம் ஒதுங்கிக்கிறதைப் பாத்தா எனக்கு கோவம் வருது, அதைப் பிரசங்கத்துல சொன்னாலும் சரி, வீட்டுக் கூடத்துல சொன்னாலும் சரி.

நீங்க மைக்ல கேட்டு அழுற அதே சிலுவைப் பாதையில அஞ்சாவது நிலையை யோசிங்க. சீரேன் ஊர் சீமோன். ஆண்டவராலயே அந்த மரத்தை தனியா கல்வாரி வரைக்கும் தூக்கிட்டுப் போக முடியல, ஒரு ஆள் தேவைப்பட்டாரு. அந்த சீமோன் இரக்கப்பட்டு தானா முன்னாடி வரலங்கறதையும் பாருங்க. வயக்காட்டுலேர்ந்து அவர் பாட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தவரைப் பிடிச்சு, கட்டாயப்படுத்தித்தான் தூக்க வச்சாங்க. மாற்கு நற்செய்தியில அவரை அலெக்சாந்தர், ரூபு இவங்களோட அப்பான்னு எழுதியிருக்கு, பிள்ளைங்க பேரைச் சொன்னா சபையில தெரியுற அளவுக்கு அந்தக் குடும்பம் அப்புறம் ஆகியிருக்கணும்னு நான் நினைச்சுக்குவேன். கட்டாயத்துல தூக்குனவருக்கும் அது வரமாயிருச்சு. உங்க வீட்டுல உங்க வீட்டுக்காரர், உங்க நாத்தனார், உங்க பையன் இவங்க தானா வருவாங்கன்னு ரெண்டு வருஷமா காத்திருக்கீங்க. காத்திருந்தது போதும், கூப்பிடுங்க.

எப்படிக் கூப்பிடுறதுங்கறதுலயும் இருக்கு. நாத்தனார்கிட்ட "நீங்க ஒண்ணுமே பாக்குறதில்ல"ன்னு ஆரம்பிச்சா ரெண்டு வருஷப் பழைய கணக்கு எல்லாம் வெளிய வந்து சண்டையில முடியும். அதுக்குப் பதிலா, "அண்ணி, குருத்து ஞாயித்துக்கிழமை நான் காலைப் பூசைக்குப் போகணும், ஆறரைக்கு வந்துருங்க, பத்து மணிக்கு நான் வந்துருவேன், அம்மாவுக்கு உடம்பு தொடச்சு இட்லி ஊட்டணும்"னு நாளும் நேரமும் வேலையும் சொல்லிக் கேளுங்க. அது அவங்களைப் பெத்த அம்மாதானே, தங்கச்சி, அவங்களுக்கும் அந்த உடம்பைத் தொட உரிமை இருக்கு, ஒருவேளை எப்படித் தொடுறதுன்னு தெரியாமகூட அரை மணி நேரத்துல எந்திரிச்சுப் போறாங்களோ என்னவோ. குருத்தோலையை நீங்க கொண்டு வந்து அத்தை கையில குடுங்க, அப்புறம் சிலுவையா மடிச்சு அவங்க தலைமாட்டுல சொருகி வைங்க, அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு எரிச்சு சாம்பலாக்க கோயில்ல கேக்கும்போது எடுத்துக் குடுக்கலாம். பையன் ராத்திரி சாப்பாடு ஊட்டட்டும். ஆம்பளப் பிள்ளைக்கு பாட்டியை சுத்தம் பண்றது சங்கடம்னா விடுங்க, பாட்டிக்கும் அது கூச்சமா இருக்கும், ஊட்டுறதுக்கு என்ன? தலைப்பக்கம் நல்லா நிமித்தி வச்சு, சின்ன ஸ்பூன்ல, முழுங்குனதைப் பாத்துட்டு அடுத்த வாய், அதை மட்டும் சொல்லிக் குடுத்துருங்க.

வெளியிலேர்ந்தும் உதவி இருக்கு. 2021 ஆகஸ்ட்ல அரசாங்கம் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுக்கையில இருக்குறவங்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் பண்றாங்க. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் அத்தை பேரைப் பதிஞ்சு வைங்க, நர்ஸ் வந்தா படுக்கைப் புண்ணு இருக்கான்னு முதுகும் குதிகாலும் பாக்கச் சொல்லுங்க, உங்க தலைசுத்தலையும் மறைக்காம சொல்லி பிரஷர், ரத்தம் ரெண்டும் டெஸ்ட் பண்ணிக்கோங்க.

இதெல்லாம் ஆன்மீகமா அக்கா, நான் கேட்டது தவக்காலத்தைப் பத்தின்னு நினைப்பீங்களோ? உயிர்த்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில சீடருங்களைப் பாத்தப்ப என்ன பண்ணுனாரு? ராத்திரி முழுக்க வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம களைச்சுப் போயிருந்தவங்க, அவங்க கரைக்கு வந்து பாத்தா கரி நெருப்பு மூட்டி அதுல மீனும் ரொட்டியும் ரெடியா இருக்கு, சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறாரு. உங்களைவிட நல்லா இது யாருக்குப் புரியப் போகுது, கடற்கரை ஜில்லா ஆளு நீங்க, விடியக்காலை கரைக்கு வர்றவங்க பசி உங்களுக்குத் தெரியும். அந்தச் சாப்பாடு முடிஞ்ச கையோடதான் பேதுருகிட்ட சொல்றாரு, வயசான காலத்துல நீ கையை விரிச்சுக் குடுப்பே, வேற ஒருத்தர் உனக்குக் கட்டி விட்டு நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு. அது பேதுரு எப்படிச் சாகப் போறாருன்னு சொன்னதுன்னு வேதத்துலயே இருக்கு. இருந்தாலும் எங்கம்மாவுக்கு நைட்டி மாட்டி விடும்போது அவங்க கையைத் தூக்கிக் குடுக்குறப்பல்லாம் எனக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வரும். காலை நீட்ட மாட்டேன்னு சொன்ன அதே பேதுருதான்.

சரி, வர்ற வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு நீங்க போறீங்க. ஷிஃப்டை மாத்திக்கச் சொல்லி வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே பேசுங்க. அத்தையை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும்னு அவருக்குத் தெரியுமான்னே எனக்கு சந்தேகமா இருக்கு, அதனால வியாழக்கிழமை ராத்திரியே கூட நின்னு காட்டிருங்க, தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடிச்சு ஒருக்களிச்சுப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணை, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒண்ணு.