வால்வில் கிருமி, முதுகில் வலி: ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. உலோக வால்வு வைத்தவர். அதில் கிருமித்தொற்று வந்து மூன்று வாரமாக மருந்து ஏறுகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் பத்து நாளாக முதுகு வலி. படுத்தே கிடப்பதால்தான் என்கிறார்கள். உலோகம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்க முடியாதாம். தெரிந்தவர் ஒருவர், முதுகில் ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அப்படிப்பட்ட ஊசிகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். வலி அடங்கும், உள்ளே கிருமி வளரும். உலோக வால்வுக்காரர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுவார். அவருடைய முதுகில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கசிந்து தண்டுவடத்தையே நெருக்கலாம். யோசனை சொன்ன தெரிந்தவருக்கு இதில் கமிஷன் எவ்வளவு என்றும் விசாரியுங்கள்.

வால்வில் ஒட்டிய கிருமித் திட்டிலிருந்து துணுக்குகள் பிய்ந்து ரத்தத்தோடு போகும். சில சமயம் முதுகெலும்பில் தங்கும். தண்டுவடத்துக்குள்ளேயே சீழ் கட்டுவது மிக மிக அரிது. எலும்பிலும் டிஸ்கிலும் தொற்று பிடித்து, சீழ் தேங்கி, வெளியிலிருந்து தண்டுவடத்தை அழுத்துவதுதான் என் கவலை. காய்ச்சல் இல்லை என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று நம்பாதீர்கள். சாதாரண எக்ஸ்ரேயும் முதல் சில வாரங்களில் ஒன்றும் காட்டாது.

எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும். உலோகம் என்றதும் கைவிரிப்பது சோம்பேறித்தனம். இன்று புழக்கத்திலுள்ள செயற்கை வால்வுகள் எம்ஆர்ஐக்குத் தடையில்லை. பேஸ்மேக்கர் விஷயம் வேறு. அதிலும் எம்ஆர்ஐக்கு ஏற்றவை உண்டு, முடியாதவையும் உண்டு. பேஸ்மேக்கர் இருந்தால் அந்தக் கருவியின் அட்டையைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். வெறும் வால்வு என்றால் வால்வின் அட்டையைக் காட்டுங்கள், போதும். சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். ‘இதய வால்வில் தொற்று, முழு முதுகெலும்பும் பார்க்கவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். இதய டாக்டர் இதயத்தைப் பார்ப்பார், முதுகு டாக்டர் முதுகைப் பார்ப்பார். ஃபைல் மட்டும் நடுவில் கிடக்கும். நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்றே ஒன்று செய்யுங்கள். அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் சுளீரென்று துள்ளினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். துள்ளாவிட்டாலும் ஸ்கேன் வேண்டும். கால் தளர்ந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அது அவசரம். விடியட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தத்தை எடுக்க அறுவைசிகிச்சை தேவைப்படலாம், தாமதித்தால் போன கால் பலம் திரும்பாமலே போகலாம். ஏறுகிற மருந்து ஒரு வேளைகூட தவறக்கூடாது.