155 நிமிடமா, 179 நிமிடமா? எந்த டிவிடியை வைத்துக்கொள்வது?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் என் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ என்ற பழைய கௌபாய் படத்தின் டிவிடி என்னிடம் இருக்கிறது. உறையில் 155 நிமிடம் என்று போட்டிருக்கிறது. சமீபத்தில் ஆன்லைனில் ஒருவரிடம் அமெரிக்க டிவிடி வாங்கினேன். அதில் 179 நிமிடம். ஆனால் சில காட்சிகளில் ட்யூகோ என்ற பாத்திரம் திடீரென்று கிழவர் மாதிரிப் பேசுகிறது, வில்லன் குரல் வேறு யாருடையதோ போல இருக்கிறது. விற்றவரைக் கேட்டால், “லண்டன் டிஸ்க் வெட்டிய படம் சார், அமெரிக்க டிஸ்க்கில் குரல் அப்படித்தான் வரும். டைரக்டரே ஓகே பண்ணின முழுப்படம் ஒன்று இருக்கிறது, 4,000 ரூபாய்” என்கிறார். வாங்கலாமா? லண்டன் டிஸ்க்கில் படம் டிவிக்கு நடுவில் சின்னதாக வேறு தெரிகிறது.

பதில்: வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கிற இரண்டு டிஸ்க்கிலும் கோளாறு இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அமெரிக்க டிஸ்க் போலி என்று சந்தேகப்படவும் காரணம் இல்லை. அந்தக் கிழக்குரல் அசல் வெளியீட்டிலேயே இருப்பதுதான்.

இயக்குநர் செர்ஜியோ லியோனே இந்தப் படத்தை எடுத்தபோது செட்டில் பேசியதை அப்படியே பயன்படுத்தவில்லை. இத்தாலிய நடிகர் இத்தாலியனில் பேசுவார், அமெரிக்கர் ஆங்கிலத்தில் பேசுவார், எல்லாவற்றுக்கும் பிறகு டப்பிங். 1966 டிசம்பரில் இத்தாலியில் வந்த படம் நீளமானது. அடுத்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் வெளியானபோது அது 161 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆங்கிலக் குரல் கொடுத்தது அந்தக் குறைந்த படத்துக்கு மட்டும்தான். வெட்டுப்பட்ட காட்சிகள் இத்தாலியக் குரலோடு அப்படியே கிடந்தன.

2003-இல் எம்ஜிஎம் நிறுவனம் அந்தக் காட்சிகளைச் சேர்த்து நீளமான ஆங்கிலப் பதிப்பைத் தயாரித்தது. விட்டுப்போன வசனங்களைப் பேச கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும், ட்யூகோவாக நடித்த ஈலை வாலக்கையும் மறுபடி மைக் முன்னால் நிறுத்தினார்கள். வாலக்குக்கு அப்போது 87 வயது. திரையில் இருப்பவருக்கு ஐம்பது, காதில் கேட்பவருக்கு எண்பத்தேழு. வில்லனாக நடித்த லீ வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டார். அவருக்கு சைமன் பிரெஸ்காட் என்ற நடிகர் குரல் கொடுத்தார். வில்லன் இடிந்த கோட்டைக்குப் போய் காயம்பட்ட சிப்பாய்கள் நடுவே விசாரிக்கும் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். அந்த வேற்றுக் குரல் அவருடையதுதான்.

இப்போது ‘டைரக்டரே ஓகே பண்ணின’ கதைக்கு வருவோம். லியோனே இறந்ததும் 1989-இல்தான். 2003-இல் சேர்த்ததற்கு அவர் எப்படி ஒப்புதல் தருவார்? ட்யூகோ குகைக்குள் போய்ப் பழைய கூட்டாளிகளைக் கூப்பிடும் காட்சியை லியோனேயே தன் கையால் நீக்கிவிட்டார் என்று இந்தப் படத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதையும் எடுத்து ஒட்டிவிட்டுத்தான் ‘எக்ஸ்டெண்டட்’ என்று அட்டையில் அச்சடித்தார்கள். அதிக நிமிடம் இருந்தால் அதிகப் படம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். விற்பவருக்கு அது போதும்.

சரி, லண்டன் டிஸ்க்கில் 155 நிமிடம்தானே இருக்கிறது, 6 நிமிடம் எங்கே போயிற்று? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் ஏமாந்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

சினிமா ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடும். பிரிட்டன், ஐரோப்பாவின் பெரும்பகுதி, இந்தியா எல்லாம் ‘பால்’ என்ற டிவி முறையில் இருந்தவை. அந்த முறையில் ஒரு நொடிக்கு 25 பிரேம். 24-ஐ 25 ஆக்க அங்கே செய்த சுலபமான வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. ஒரு காட்சிகூட வெட்டுப்படாது, எல்லாம் நாலு சதவீதம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். உறையின் பின்பக்கம் ‘பால்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு 24 நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 155-இல் ஆறரை 24 இருக்கிறது. கூட்டினால் 161 சொச்சம். அமெரிக்கத் தியேட்டரில் ஓடிய அதே படம்! இதே கணக்கில் 179 நிமிடப் படம் ஐரோப்பிய டிவிடியில் 172 பக்கம் வரும். அதையும் ‘7 நிமிடம் வெட்டியது’ என்று சொல்லி இன்னொன்றை விற்பார்கள். அமெரிக்க டிவிடிக்கு இந்தக் கூட்டல் வேண்டாம், அது வேறு முறை. ப்ளூ-ரேயில் படம் 24 பிரேமிலேயே ஓடும், லண்டனில் வாங்கியிருந்தாலும் கூட்டாதீர்கள். வேகமாக ஓடுவதால் இசையமைப்பாளர் மோரிக்கோனேயின் இசை அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிக் கேட்கும். பாட்டு படித்தவர்களுக்கு உறுத்தும், மற்றவர்களுக்குத் தெரியாது.

இதை உறையில் ஒரு வரியில் எழுத எந்த நிறுவனத்துக்கும் மனம் வரவில்லை. ‘ஸ்பெஷல் எடிஷன்’, ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்று தங்க எழுத்தில் போட இடம் இருக்கிறது. உள்ளே எந்த நீளம், எந்த ஒலி என்று சொல்ல இடம் இல்லை. ஒரே படத்தை நாலு முறை விற்கிற வியாபாரத்துக்கு வாங்குபவர் குழம்பியிருப்பது வசதிதானே.

ஒலி என்றதும் ஞாபகம் வருகிறது. 2003-இல் செய்த பதிப்பில் 5.1 ஒலி (சுற்றிலும் பல ஸ்பீக்கரில் வருவது) என்று சொல்லித் துப்பாக்கி, வெடிச் சத்தங்களைக்கூடப் புதிதாக மாற்றிவிட்டார்கள். பழைய மோனோவில் (ஒரே தடத்தில் பதிந்த ஒலியில்) அந்தத் துப்பாக்கிகளுக்கு ஒரு வறண்ட, ‘டுமீல்’ என்று தெறிக்கிற சத்தம் உண்டு. ரசிகர்கள் இத்தனை வருடமாகச் சண்டை போடுவது அதற்காகத்தான். லண்டன் டிஸ்க்கில் ஆடியோ மெனுவில் ஆங்கில மோனோ இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

உங்கள் வியாபாரி சொல்லும் மூன்றாவது டிஸ்க் என்னவாக இருக்கும்? பணம் கட்டுவதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீலமோ ஊதாவோ அடித்தால் அது வீட்டுக் கணினியில் எரித்த காப்பி. கம்பெனி டிஸ்க் வெள்ளியாக இருக்கும், இரண்டு அடுக்கு என்றால் லேசாகத் தங்க நிறம் தெரியும். பின்னட்டையையும் கேளுங்கள். ‘இறக்குமதி’ என்ற ஒரு சொல்லை வைத்து விலையை மூன்று மடங்கு ஏற்றுபவர்கள் பின்னட்டையைக் காட்டத் தயங்குவார்கள். ‘ஸ்டாக்கில் இல்லை, வரவழைத்துத் தருகிறேன், முன்பணம் போடுங்கள்’ என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

செலவு செய்தே தீருவேன் என்றால், உங்களிடம் 4கே பிளேயர் இருக்கும் பட்சத்தில் 2021-இல் கினோ லார்பர் வெளியிட்ட 4கே டிஸ்க் இருக்கிறது. அதில் இருப்பது தியேட்டர் நீளப் படம். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, அதாவது எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். அதற்கு முந்தைய 2014 புதுப்பிப்பைத் தேடிப் போகாதீர்கள். இத்தாலியில் செய்த வேலைதான், ஆனால் வானம், முகம், மணல் எல்லாமே மஞ்சள் குளித்த மாதிரி இருக்கும்.

கடைசியாக, படம் சின்னதாகத் தெரிவது. இந்தப் படம் அகலம் மிக அதிகமான வடிவத்தில் எடுத்தது. அகலம் உயரத்தைப்போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது சரிதான், அதை மறைக்கப் பார்க்காதீர்கள். நாலு பக்கமும் கறுப்பு இருந்தால், பழைய சதுர டிவிக்காகச் செய்த டிஸ்க் என்று பொருள். டிவி ரிமோட்டில் ‘ஜூம்’ என்று இருப்பதை அழுத்துங்கள், இரு பக்கக் கறுப்பும் போய்விடும். படம் கொஞ்சம் மங்கலாகும், அதற்கு வழியில்லை. ‘ஸ்ட்ரெச்’ மட்டும் வேண்டாம், ஈஸ்ட்வுட் குட்டையாகிவிடுவார்.