மிச்சமான ஃபீஸ் எங்கே போனது?

அன்புள்ள அக்கா,

நாங்கள் பாலக்கோட்டில் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 6. இந்த ஜூனில் இருவரையும் தனியார் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அதற்காக நான் வேலையை விட்டுவிட்டேன். கணவர் ஓசூரில் கம்பெனி வேலை. ஃபீஸும் வேன் காசும் மிச்சமாகும் என்று நினைத்தோம். ஆனால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. செல்போன் படிப்பு ஆப்புக்குச் சந்தா, பயிற்சிப் புத்தகங்கள், நாள் முழுக்கத் தின்பண்டம், கரண்ட் பில். எதைக் குறைப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பட்டியலில் பெரிய தொகை ஒன்று விட்டுப்போயிருக்கிறது: உங்கள் சம்பளம். மளிகையில் நூறு இருநூறு பிடித்து அந்த ஓட்டையை அடைக்க முடியாது. மாலையில் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு டியூஷன் எடுக்க முடியுமா, பாதி நேர வேலை ஏதாவது கிடைக்குமா என்று பாருங்கள். அதுதான் முதல் வழி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சந்தாவை நாளைக்கே நிறுத்துங்கள். பள்ளியை விட்ட புதிதில் வீட்டையே பள்ளியாக்கும் வேகம் எல்லாருக்கும் வரும். வெள்ளைப்பலகை, சுவர்ப்படங்கள், ஆப்பு என்று வாங்குவது பாதிக்கு மேல் பெற்றோரின் பயத்துக்குக் கட்டும் பில். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாக இறங்கும். அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் அடுத்த வகுப்புக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். கதைப் புத்தகத்துக்கு அரசு நூலகம் இருக்கிறது.

தின்பண்டம்தான் உண்மையான தலைவலி. பள்ளியில் மணி அடித்தால்தான் டப்பாவைத் திறக்க முடியும்; வீட்டில் அடுப்படி எப்போதும் திறந்தே இருக்கிறது. பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள், பாக்கெட் தானாகக் குறையும். 2023 முதல் நம் தர்மபுரி மாவட்டத்து ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது. அதில் முருங்கைக்கீரை போட்டு அடை, இன்னொரு நாள் கொள்ளுச் சுண்டல். தக்காளி விலை விழும்போது நம் ஊர்ப்பக்கம் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த வாரம் தொக்கு கிளறி வையுங்கள். சந்தைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தயவுசெய்து ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் கணக்குக் கேள்வி கேட்காதீர்கள், பாவம்.

கரண்ட் விஷயம் சின்னது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறும். பகலில் எல்லாரும் ஒரே அறையில் இருந்தால் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. காசுதான் காரணம் என்றால் வீட்டுக்கல்வியைவிட அரசுப் பள்ளி மலிவு. மதிய உணவு, புத்தகம், சீருடை எல்லாம் இலவசம். தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அந்த வகுப்புகளைத்தான் கேட்கின்றன. வீட்டில் படித்தால் இவை கிடையாது. உங்கள் பையன் ஆறாம் வகுப்பு வயதுக்கு வர இரண்டு வருடம் இருக்கிறது. அப்போது கணவரோடு உட்கார்ந்து இன்னொரு முறை கணக்குப் போடுங்கள். பள்ளிக்கே திருப்பி அனுப்பினாலும் தோற்றதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே தொடர்வதாக இருந்தால், பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வு எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். தபால் ஆபீசில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 வருடத்தில் முதிரும். இந்த மாதம் ஆரம்பித்தால், தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வயதில் பணம் கைக்கு வந்துவிடும்.