சாரல் காலத்தில் பிளாஸ்டிக் மாடலுக்கு மேட் க்ளியர் அடித்தால் வெளுப்பது ஏன்? வெளுத்ததை மீட்க முடியுமா?

கேட்டவர் செங்கோட்டைக்காரர். ஆடிச் சாரலில் 1/48 அளவு மிக்-21 போர் விமான மாடலுக்கு ஸ்ப்ரே டின்னில் லேக்கர் மேட் க்ளியர் (வேகமாகக் காயும், பளபளப்பை அடக்கும் நிறமற்ற மேல்பூச்சு) அடித்திருக்கிறார். சிறிது நேரத்தில் கரும்பச்சை முழுக்க வெளுத்துவிட்டது, இறக்கையில் ஒரு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) சுருங்கிவிட்டது. மாடலைக் காப்பாற்ற முடியுமா, அடுத்த தடவை எப்படி அடிப்பது என்று கேட்கிறார்.

பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இப்போதைக்கு மாடலைத் தொடாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பயந்துபோய் பஞ்சில் தின்னரை நனைத்துத் துடைத்தால் க்ளியரோடு அடியில் இருக்கும் பெயின்ட்டும் கையோடு வந்துவிடும்.

மறுநாள் இரண்டு சோதனை செய்து பாருங்கள். முதலில், வெளுத்த இடத்தை விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்து விரலில் வெள்ளைத் தூள் ஒட்டினால், துளிகள் மாடலில் விழுவதற்கு முன்பே காற்றில் காய்ந்திருக்கின்றன என்று பொருள். தொலைவிலிருந்து அடித்தாலும், வெயிலில் அடித்தாலும், காற்றடிக்கும் இடத்தில் அடித்தாலும் இப்படித்தான் ஆகும். வழவழப்பாக இருந்தும் உள்ளுக்குள் பால் மாதிரித் தெரிந்தால் அது ஈரம் செய்த வேலை. அடுத்து, வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டுக்கு அடியில் பழைய நிறம் திரும்பி வந்தால் கோளாறு மேற்பரப்பில்தான் இருக்கிறது, மேலே ஒரு பளபளப்பு க்ளியர் அடித்தாலே போய்விடும். தண்ணீர் வைத்தும் வெளுப்பு மாறவில்லை என்றால் படலத்துக்குள்ளேயே ஈரம் சிக்கியிருக்கிறது, அதை மறுபடி இளக்கித்தான் வெளியேற்ற வேண்டும்.

ஈரம் எப்படி உள்ளே போகிறது? லேக்கரில் இருக்கும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் பனி பிடிக்கும் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. மேற்பரப்பு நாலே டிகிரி குளிர்ந்தால் போதும், காற்றிலுள்ள நீர் அதன்மேல் நுண்துளியாகப் படிந்து காயும் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அதே 28 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம்தான் என்றால் பனி பிடிக்க 16, 17 டிகிரி வரை குளிர வேண்டும். ஒரு மெல்லிய கோட் அவ்வளவு குளிராது. ஆகவே க்ளியர் எந்த பிராண்ட் என்று பார்ப்பதற்கு முன்னால் ஈரப்பதமானியைப் பாருங்கள். சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று மேசையில் இருக்கட்டும். 60க்குக் கீழே இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 60 முதல் 70 வரை மெல்லிய கோட்டாக, இடைவெளி விட்டு அடிக்கலாம். 75ஐத் தாண்டினால் டின்னைக் கீழே வைத்துவிடுங்கள், அன்றைக்கு வேண்டாம்.

இனி மீட்பு வேலை. ஈரப்பதம் இறங்கிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பிரஷ் இருந்தால் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் ஊற்றி, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 15 செ.மீ. தள்ளி, புகை போல ஒரு கை ஓட்டுங்கள். இந்தத் தின்னரிலேயே காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் கலந்திருக்கிறது. மேற்பரப்பு ஒரு நொடி ஈரமாக மின்னி அடங்க வேண்டும், ஓடும் அளவுக்குப் போகக் கூடாது. படலம் இளகும்போது சிக்கிய ஈரம் வெளியேறும். பத்து நிமிடம் விட்டு இன்னொரு கை. நிறம் திரும்பியதும் ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய பளபளப்பு க்ளியர், அதன்மேல் புதிதாக மேட். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் பளபளப்பு க்ளியர் டின்னையே இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடித்துப் பார்க்கலாம். பாதிக்கு மேல் சரியாகிவிடும். தூள் படிந்த வகை என்றால் முதலில் 2000 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் (நுண் உப்புத்தாள்) ஈரமாக, அழுத்தாமல் தேய்த்துவிட்டு பளபளப்பு கோட் கொடுங்கள். விளிம்புகளில் கை வைக்காதீர்கள், அங்கேதான் பெயின்ட் முதலில் கிழியும்.

சுருங்கிய டெக்கால் விஷயத்தில் ஆறுதல் சொல்வதற்கில்லை. லேக்கர் கடித்த டெக்கால் படலம் பழைய நிலைக்கு வராது. நன்றாகக் காய்ந்தபின் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, பெயின்ட் தொட்டு, உபரி டெக்கால் ஒட்டுவதுதான் வழி. அது கடிபட்டதற்குக் காரணம், முதல் கோட்டையே ஈரம் சொட்டச் சொட்ட அடித்ததுதான். டெக்கால் மேல் விழும் முதல் இரண்டு கோட் வெறும் தூவலாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் அந்தத் தூவல் காய்ந்து ஒரு தோல் போட்டுவிட்டால், பிறகு அடிக்கும் ஈரக் கோட்டின் கரைப்பான் டெக்காலுக்கு இறங்காது. டாமியா டிஎஸ்-13 போன்ற பளபளப்பு க்ளியர் டெக்காலை நன்றாகவே கடிக்கும், அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காலக்கணக்கும் முக்கியம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றால் செங்கோட்டை, குற்றாலம், தென்காசிப் பகுதிக்கு ஆனி, ஆடியில் சாரல். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்திலும் அதே மாதங்களில் மேல்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. க்ளியர் வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் அப்போது கீழ்க்காற்று வறண்டு, புழுதியோடு வீசும். ஈரம் இல்லையே என்று மொட்டை மாடியில் அடித்தால் மண்ணும் சேர்ந்து ஒட்டும், துளியும் வழியிலேயே காயும். காற்று நேரே அடிக்காத, ஆனால் ஆவி வெளியேற வழியுள்ள அறையில், மாடலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா கவிழ்க்கத் தயாராக வைத்துக்கொண்டு அடியுங்கள். நேரமும் பாருங்கள். விடிகாலை குளுகுளுவென்று இருக்கிறதே என்று அடிக்கக் கூடாது, ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும் நேரம் அதுதான். தையில் பதினொரு மணிக்குப் பிறகு நல்லது. சித்திரை வெயிலில் 35 டிகிரி தாண்டும் முன், பத்து மணிவாக்கில் முடித்துவிடுங்கள்.

சாரல் நாளிலேயே அடித்தாக வேண்டும் என்றால், ஏசி அறையில் மாடலைக் குளிர வைத்து வெளியே கொண்டுவந்து அடிப்பது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போல மாடலும் வியர்க்கும். தலைகீழாகச் செய்யுங்கள், மாடலைச் சூடாக்குங்கள். அட்டைப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு, மாடலுக்கும் அட்டைக்கும் ஒரு அடி தள்ளி. உள்ளே தெர்மாமீட்டர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மெல்லிய பாகங்கள் வளையும். அரை மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு மெல்லிய கோட் அடியுங்கள். வெதுவெதுப்பான பாகத்தில் பனி பிடிக்காது. அடித்தபின் உடனே பெட்டிக்குள் திரும்ப வைக்காதீர்கள், கரைப்பான் ஆவிக்கும் சூடான பல்புக்கும் ஆகாது. டின்னையும் கைபொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் அழுத்தம் கூடித் துளி நுண்மையாக விழும். கைபொறுக்காத சூடோ அடுப்போ கூடவே கூடாது.

அடுக்கு வரிசைக்கு வருவோம். பெயின்ட் காய்ந்ததும் பளபளப்பு க்ளியர், அதன்மேல் டெக்கால், மறுபடி மெல்லிய பளபளப்பு, பிறகு பேனல் கோடுகளுக்கு வாஷ் (கோட்டுக்குள் இறங்கும் நீர்த்த பெயின்ட்), கடைசியில்தான் மேட். மேட் பரப்பில் நேராக டெக்கால் ஒட்டினால் மேடுபள்ளங்களுக்குள் காற்று மாட்டிக்கொண்டு, படலத்தின் அடியில் வெள்ளி மாதிரி மின்னும். டெக்கால் ஒட்டியபின் ஓரத்தில் தங்கிய பசையை ஈரமான இயர் பட்ஸால் துடைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் க்ளியருக்கு அடியில் பழுப்புக் கறையாக நிற்கும். டெக்கால் காய சாதாரணமாக ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு. நடுவில் வரும் பளபளப்புக் கோட்டைப் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள், அது தவறு. வாஷ் பெரும்பாலும் எனாமல் (எண்ணெய் அடிப்படைப் பெயின்ட்). லேக்கர் க்ளியர் மேல் அடித்தால் பிசகியதைத் துடைத்து எடுக்கலாம். க்ளியர் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் கன்டம் (ரோபோ மாடல்) கிட்டில் இறுக்கமாகப் பூட்டிய மூட்டில் எனாமல் தின்னர் இறங்கினால் பிளாஸ்டிக்கே விரிசல் விடும்.

மேட் க்ளியரின் மங்கல் அதில் மிதக்கும் சிலிக்கா தூளால் வருவது. தூள் அடியில் தங்கும், ஆகவே டின் என்றால் இரண்டு நிமிடம் குலுக்குங்கள், புட்டி என்றால் அடியைச் சுரண்டிக் கலக்குங்கள். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பக்கம் மினுங்கும், ஒரு பக்கம் வெளுக்கும். டின்னை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மாடலுக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, மாடலைக் கடந்தபின் விடுங்கள். ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. நாசில், க்ளியர் ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் இரண்டு பங்கு, மேட் என்றால் மூன்று பங்கு வரை, 15 முதல் 20 பிஎஸ்ஐ, 10 முதல் 15 செ.மீ. தூரம். டாமியா எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸை (க்ளியரை மேட் ஆக்கும் கலவை) தனியாக அடிக்கவே கூடாது, அது கலப்புக்கு மட்டும். எக்ஸ்-22 க்ளியர் பத்துப் பங்குக்கு ஒரு பங்கில் தொடங்கி, ஸ்ப்ரூத் துண்டில் (பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டம்) அடித்துப் பார்த்துக் கூட்டுங்கள். கருப்பு, கருநீலம், கரும்பச்சையில் கூடுதல் தூள் உடனே வெளுப்பாகக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் முழு மேட்தான் என்றில்லை. சூலூர் தளத்தின் தேஜஸ் மாதிரி சாம்பல் விமானங்களுக்கு அரைப்பளபளப்பில் கொஞ்சம் மேட் கலந்து அடித்தால்தான் உண்மையான விமானத் தோலின் உணர்வு வரும் என்பது என் கருத்து.

பெயின்ட் கடையில் பைக்குக்கு விற்கும் க்ளியர் டின் மலிவுதான், ஆனால் அதன் கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் அளவுக்குக் கடுமையாக இருக்கலாம். பெயின்ட் அடித்த ஸ்ப்ரூவில் சோதிக்காமல் மாடலில் அடிக்காதீர்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை ஏர்பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், க்ளியரில் கலக்க வேண்டாம். எனாமல் பெயின்ட்டுக்கு மேல் கனமாக லேக்கர் க்ளியர் போனால் அடி சுருங்கிவிடும். லேக்கருக்கு மேல் எனாமல் போவதில் சிக்கல் இல்லை. தண்ணீர் அடிப்படையிலான வல்லெஹோ வார்னிஷில் லேக்கர் தின்னர் கலந்தால் கட்டி தட்டி நாசிலை அடைக்கும், அதற்கு அதன் சொந்தத் தின்னரோ தண்ணீரோதான். தண்ணீர் அடிப்படை என்று விற்கும் மிஸ்டர் டாப்கோட் டின்னும் ஆல்கஹால் உள்ளது, ஈர நாளில் அதுவும் வெளுக்கும்.

மேட் அடிக்கும் முன் விமானத்தின் கண்ணாடி மூடியை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மறையுங்கள், முடிந்தால் மேட் முடிந்தபின் ஒட்டுங்கள். உலோக நிறங்களில் மேட் விழுந்தால் மின்னல் செத்துச் சாம்பலாகிவிடும். க்ரோம் பெயின்ட்டில் பளபளப்பு லேக்கர்கூட மங்க வைக்கும், அதைக் க்ளியர் இல்லாமலே விடலாம். கன்டம் கிட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து அடியுங்கள், உரசும் மூட்டுக்குள் க்ளியர் போகக் கூடாது. வெள்ளை மாடல் என்றால் யூவி தடுக்கும் வகையை வாங்குங்கள், மஞ்சளாவது தாமதமாகும்.

துணி மாஸ்க்கும் என்95ம் துளியைப் பிடிக்கும், கரைப்பான் ஆவியைப் பிடிக்காது. கரி வடிகட்டி உள்ள ஆர்கானிக் வேப்பர் மாஸ்க் வேண்டும். அறைக் காற்று வெளியே போக வழி வேண்டும், பக்கத்தில் பூஜை விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. ஹார்டனர் கலக்கும் 2கே கார் க்ளியரில் ஐசோசயனேட் இருக்கிறது, அதை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். மேட் அடித்து முடித்ததும் ஏர்பிரஷ்ஷை அப்போதே கழற்றிக் கழுவுங்கள். ஊசியைத் துடைத்தால் போதாது, நாசிலுக்குள் சிலிக்கா தங்கிவிட்டால் அடுத்த பளபளப்புக் கோட்டில் வெள்ளைப் புள்ளியாக வந்து விழும்.