நங்கநல்லூரா, மடிப்பாக்கமா: வாடகைக்கு எங்கே போகலாம்?

கணவருக்கு சென்னை கிண்டியில் வேலை, கூடவே வயதான மாமியார், வாடகைக்கு ஒரு டபுள் பெட்ரூம் வீடு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஊரிலும் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நங்கநல்லூர். முதல் காரணம் சாக்கடை.

சிரிக்காதீர்கள். நங்கநல்லூர் முன்பு ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. அந்த நகராட்சி பாதாளச் சாக்கடை போடுவதற்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் வாங்கி, சொன்னபடி போட்டும் முடித்தது. மடிப்பாக்கம் அப்போது வெறும் ஊராட்சி. 2011ல் இரண்டுமே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஆனாலும் மடிப்பாக்கத்தில் செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும் பல வருஷம் ஓடின. அப்புறம் சாக்கடைக் குழாய்க்கு ஒரு பக்கம், மெட்ரோவுக்கு இன்னொரு பக்கம் என்று ரோட்டைத் தோண்டினார்கள். வீடு பார்க்கும்போது சாக்கடை இணைப்பு கொடுத்தாயிற்றா என்று கேட்டுவிடுங்கள்.

பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நங்கநல்லூரை ஒட்டிய பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலை, அடுத்தது கிண்டி. பலத்த மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை நிரம்பிவிடும், அன்றைக்கு மட்டும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போக பெரும்பாலும் ரோட்டைத்தான் நம்ப வேண்டும்.

மாமியாருக்கு நங்கநல்லூரில் 32 அடி ஆஞ்சநேயர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் தெருவில் வீடு இருந்தால் சனிக்கிழமை மட்டும் கூட்டத்தில் வண்டி எடுக்க முடியாது. விமான நிலையம் பக்கம்தான், அந்தச் சத்தம் பழகிவிடும்.

நங்கநல்லூரில் எனக்குப் பிடிக்காத விஷயம், வீட்டு ஓனர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீங்க சைவம்தானே?" என்று கேட்பது. எல்லாரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். பழைய ஃபிளாட்டுகளில் லிஃப்டும் இருக்காது. மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் தரைத்தளம் கிடைக்கும் வரை காத்திருங்கள்.

அதே வாடகைக்கு மடிப்பாக்கத்தில் பெரிய வீடு, லிஃப்ட், கார் பார்க்கிங் எல்லாம் கிடைக்கும். அதனால் அதை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது, தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். ராம் நகர் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த சமாச்சாரம். வாசலில் நின்று பாருங்கள்: ரோட்டை மேலே மேலே போட்டு, கேட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகும்படி இருந்தால் வேண்டாம். காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போன ஐப்பசி மழைக்கு எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள், வீட்டு நம்பரோடு சொல்வார்.

சொந்தமாக வாங்குவதாக இருந்தால் என் பதில் வேறு. மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதை மடிப்பாக்கம் வழியாகத்தான் வருகிறது, அங்கே மேடான தெருவில் ஒரு வீடு அமைந்தால் நானே வாங்குவேன்.