மருந்தடிக்கும் உடைக்குள் உடல் ஏன் இப்படிச் சூடேறுகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் உங்கள் அண்ணனுக்குக் கவச உடை போட்டாலே மூச்சு வாங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உழைக்கும் தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதைக் கழிக்க உடலுக்குள்ள முதன்மையான வழி வியர்வை உலர்வதுதான், ஒரு லிட்டர் உலர்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெளியேறும். காற்றுப் புகாத உடைக்குள் ஈரம் நிறைந்துவிடுவதால், வியர்வை உலராமல் பூட்ஸுக்குள் வடிகிறது. நீரை இழந்தும் உடல் குளிர்வதில்லை. தோலுக்கும் தசைக்கும் ஒருசேர இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத் துடிப்பு எகிறுகிறது. முதுகில் மருந்துத் தோம்பின் பாரம் வேறு.

தண்ணீர் அவசியமே, ஆனால் உடைக்குள் சிக்கிய வெப்பத்தை அது வெளியேற்றாது. பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதியும் அணிவகுப்பு) முடிந்த கையோடு வெயிலுக்கு முன் அடித்துவிட்டு, இடையிடையே மருந்து படாத நிழலில் உடையைக் கழற்றி ஓய்வெடுப்பதே பயன் தரும். பேச்சு குழறினால் உடையைக் களைந்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 999-ஐ அழையுங்கள்.