லேசான மனச்சோர்வு, திரும்பத் திரும்ப வரும் சோர்வு: மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கல்லூரி நாளிலிருந்தே எதிலும் பிடிப்பில்லை. "உன் சுபாவமே அப்படித்தான்" என்கிறார் அம்மா. இதெல்லாம் ஒரு நோயா?

பதில்: நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிஸ்தைமியா என்று ஒன்று இருக்கிறது. ஆழம் குறைவு, ஆனால் காலம் நீளம். பெரும்பாலான நாட்களில் மனம் வாடியே இருப்பது, இரண்டு வருடமாவது அது நீடிப்பது, நடுவில் சேர்ந்தாற்போல் இரண்டு மாதத்துக்கு மேல் தெளிவாக இருந்ததே இல்லை என்பது இதன் அடையாளம். பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போதும். கூடவே தூக்கக் கோளாறு, பசி மாற்றம், அசதி, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், சின்ன முடிவுக்கும் திணறல் போன்றவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர்களே இதைச் சுபாவம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் இதை மனநிலைக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தது.

எனக்குக் கவலை தருவது வேறு. இப்படி இருப்பவர்களுக்கு அதன் மேலேயே கடுமையான மனச்சோர்வும் வரலாம். அது தணிந்ததும் "பழையபடி ஆகிவிட்டார்" என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். அந்தப் பழையபடியே நோய்தான் என்பது யாருக்கும் தோன்றாது. நீங்கள் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பரிசோதித்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சை, மாத்திரை இரண்டுமே இதற்கு உதவும்.

கேள்வி: தம்பிக்கு 26 வயது. சில வாரம் படுக்கையை விட்டு எழ மாட்டான். அப்புறம் ஒரு வாரம் மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்பான், ஓயாமல் பேசுவான், போன முறை கடன் வாங்கி மொபைல் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். மருத்துவரிடம் சோர்வைப் பற்றி மட்டும்தான் சொன்னோம்.

பதில்: அந்தச் சுறுசுறுப்பான வாரத்தை அவசியம் சொல்லுங்கள். பலரும் மறைப்பதில்லை, அதை நல்ல காலம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்கள். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் துணிச்சலும் கூடி, குறைந்தது நான்கு நாள் நீடித்தால் அது ஹைப்போமேனியாவாக இருக்கலாம். அதோடு கடுமையான சோர்வுக் காலங்களும் வந்தால், மனநிலை ஏறியும் இறங்கியும் மாறும் பைபோலார் நோயின் இரண்டாம் வகை. ஏற்ற இறக்கம் இரண்டுமே அந்த அளவை எட்டாமல் இரண்டு வருடத்துக்கு மேல் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் சைக்ளோதைமியா.

சிகிச்சையே இதனால் மாறிவிடும். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். லித்தியம், லாமோட்ரிஜின் போன்ற மனநிலையைச் சீராக்கும் மருந்துகள் தேவைப்படலாம். அதற்காக இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விஷயத்தைச் சொல்லி, எழுதிக் கொடுத்த மருத்துவரே மாற்றட்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் வீட்டில் இருக்கும். தினமும் இரவு அந்தக் கட்டத்திலேயே இரண்டு எண் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் தூக்கம், மனநிலைக்கு மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை ஒரு மதிப்பெண். பெரிய செலவு, சண்டை, ராத்திரிப் பயணம் இருந்தால் ஒரு வார்த்தை. மூன்று மாதத் தாள்களைக் கிழித்து எடுத்து வந்தால், அரை மணி நேரப் பேச்சில் பிடிபடாதது எனக்கு அதில் தெரிந்துவிடும். தூக்கம் 8, 7, 5, 3 என்று இறங்கிய பின்னால் மனநிலை ஏறியிருப்பதைப் பலருடைய தாளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மட்டும் அழுகையும் எரிச்சலும் தாங்க முடியவில்லை. இதுவும் அதே சுழற்சியா?

பதில்: இது வேறு; சிகிச்சை உண்டு. மேலே சொன்ன காலண்டரில் இரண்டு மாதம் குறித்துக்கொண்டு வாருங்கள். ரத்தப்போக்கு தொடங்கிய சில நாளில் தெளிந்துவிடுகிறதா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: மூன்றாவது முறையாக மனச்சோர்வு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியானதும் மாத்திரையை விட்டுவிடுவேன். ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமோ என்று பயம்.

பதில்: மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேருக்காவது மறுபடி வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் அடுத்ததற்கான வாய்ப்பு கூடும். முதல் முறை என்றால் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வோம். மூன்றாவது முறைக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். இந்த மாத்திரைகள் போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. ஆனால் சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரும். மெதுவாகக் குறைக்க வேண்டும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கென்றே எட்டு வாரப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது, தியானத்தையும் சிந்தனைச் சிகிச்சையையும் இணைத்தது. அது கிடைக்கும் ஊரில் இருந்தால் கட்டாயம் சேருங்கள்.

கேள்வி: கணவருக்கு மறுபடி ஆரம்பிப்பது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. சொன்னால் சண்டைதான்.

பதில்: அவர் நன்றாக இருக்கும்போது பேசி வையுங்கள். ஷேவ் செய்யாமல் விடுவது, நண்பர்களின் போனை எடுக்காதது, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு என்று அவருக்கே உரிய அறிகுறிகளை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். "இதில் இரண்டு வந்தால் மருத்துவரைப் பார்ப்போம்" என்று அப்போதே ஒப்புக்கொள்ளட்டும்.

"வாழ்ந்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாதிரி ஏதாவது காதில் விழுந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகள், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கேள்வி: லித்தியம் சாப்பிடுகிறேன். கட்டட வேலை, முழுக்க வெயில். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்; உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஐபுப்ரோஃபென் போடாதீர்கள், பாராசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் கூடுதல், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.